கோட்டைக் கவனிக்கவும்

விழுப்புரம் ஜோதி ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டால் அம்மைத் தழும்பு மறைந்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சென்ன பேச்சு, உண்மைதான். முதலாளி விருத்தாசலம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "கொஞ்சம் சிரிங்க" என்பார், படம் பிடிப்பார், அதோடு அவர் பாடு முடிந்தது. தழும்பைப் போக்குகிறவர் பாண்டுரங்கன். உள்ளறையில் ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை. அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்து, வெயிலை நெகடிவுக்குப் பின்னால் ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பார். நெகடிவில் எல்லாமே தலைகீழ். அதில் கறுப்பாக இருப்பது படத்தில் வெள்ளையாக விழும், வெளுப்பாக இருப்பது கறுப்பாக விழும். வெளுத்த இடத்தை ஊசிபோல் சீவிய பென்சிலால் அடைப்பார். கறுத்த இடத்தைச் சின்னக் கத்தியால் சுரண்டுவார். சுரண்டுவது என்றால் பரோட்டாக் கல்லைச் சுரண்டுவது இல்லை. சுற்றிலும் எந்த அளவுக்குச் சாம்பலோ அந்த அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஒரு மூச்சுகூடக் கூடாது. இதற்குப் பேர் டச்சிங். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு இந்த ஒரே வேலை. "தென்னாற்காடு ஜில்லாவுல பாதிக் கல்யாணம் என் பென்சிலாலதான் நடந்துச்சு" என்று சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேசின ஆள் கிடையாது.

ஒவ்வொரு நெகடிவும் ஒரு காகித உறையில் வரும். உறைமேல் வாடிக்கைக்காரர் கைப்பட ஒரு வரி இருக்கும். "பெண்ணின் கன்னத்தைக் கவனிக்கவும்." "மாப்பிள்ளைக்கு இடது கண், கவனிக்கவும்." எடுத்துவிடு என்று யாரும் எழுதமாட்டார்கள். என் பெண்ணுக்கு முகமெல்லாம் தழும்பு, அதை எடு என்று எந்தத் தகப்பன் எழுதுவான்? கவனிக்கவும் என்று போட்டால் போதும். பாண்டுரங்கன் கவனித்துவிடுவார். அந்த ஸ்டூடியோவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். திண்டிவனத்தில் ஸ்டூடியோவுக்கு ஒரு கிளை இருந்தது. கிளை என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெட்டிக்கடை அகலம். முதலாளியின் மைத்துனர் துரைக்கண்ணு அங்கே உட்கார்ந்து பிலிம் சுருள்களை வாங்கி, உறையில் போட்டு, சாயங்கால பஸ்ஸில் பையை ஏற்றிவிடுவார். கழுவுவது, டச்சிங், பிரிண்ட் எல்லாம் விழுப்புரத்தில். அன்றைக்கு வந்த பையில் நாற்பது கல்யாணச் சுருளுக்கு நடுவே ஒரு உறை மட்டும் தனியாக இருந்தது. அச்சடித்தமாதிரிக் கையெழுத்து. "சவுரிராயன், அறிவியல் ஆசிரியர், திண்டிவனம். வானத்துப் பக்கம் கோடு விழுந்திருக்கும். முக்கியமாகக் கவனிக்கவும். மிக அவசரம்." கூடவே மெட்ராஸ் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டின ஒரு பெரிய தபால் உறை.

கோடு விழுவது என்றால் பாண்டுரங்கனுக்குத் தெரியாதா? மட்டமான கேமராவில் சுருளைத் திருகும்போது பிலிம் உரசிப்போகும், கோடு விழும். வாரத்துக்கு நாலு வரும். இருட்டறையிலிருந்து கழுவி வந்த நெகடிவை மேசையில் சாய்த்துப் பார்த்தார். கீழே மயிலம் மலை, கோயில் கோபுரம். மேலே முக்கால் படம் வெறும் வானம். அந்த வானத்தில் புள்ளி புள்ளியாகத் தூசி, முப்பது நாற்பது தேறும். குறுக்கே சாய்வாக ஒரு கோடு. "ஏன்யா, சாமி படத்த இப்டியா எடுப்பாங்க? நாலு வருசம் படிச்சவனுக்கு ஒரு சுருள ஒழுங்கா சுத்தத் தெரியல" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டார்.

திட்டினாலும் வேலையில் குறை வைக்கவில்லை. முதல் நாள் மத்தியானம் தூசி பூராவும் போயிற்று. மறுநாள் காலையில் கோடு. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கத்தி நுனியால் நீவி நீவி எடுத்தார். வழவழப்புப் போகாமலிருக்க மேலே மெருகு தடவினார். பிரிண்ட் வந்ததும் முதலாளியே வாயைப் பிளந்தார். "யோவ், காலண்டருக்கே குடுக்கலாம்யா இத!" பாண்டுரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. தபாலில் போடவேண்டாம், வாத்தியார் நேரில் வந்து பார்க்கட்டும் என்று துரைக்கண்ணுவுக்குச் சொல்லியனுப்பினார்.

புதன்கிழமை மத்தியானம் சவுரிராயன் வந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கஞ்சி போட்ட சட்டை பஸ்ஸில் கசங்கியிருந்தது. பிரிண்டை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"இது என் படந்தானுங்களா?"

"இன்னா சார், மயிலம் கோபுரம் தெரியல?"

"தெரியுதுங்க. கோடு எங்க?"

இந்தக் கேள்விக்குத்தானே பாண்டுரங்கன் மூன்று நாளாகக் காத்திருந்தார்! "தேடிப் பாருங்க. நல்லா தேடுங்க. இருந்த எடம் தெரியாம எடுத்துட்டேன்ல!"

"எடுத்துட்டீங்களா?"

"தூசியும் பூரா எடுத்தாச்சு சார். ஒரே ஒரு புள்ளி காட்டுங்க, நான் இந்தத் தொழிலையே வுட்டுர்றேன்."

சவுரிராயன் படமெடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தால் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அது தூசி இல்லீங்க அண்ணே. நட்சத்திரம்."

பாண்டுரங்கன் பிரிண்டை வாங்கி மறுபடி பார்த்தார்.

"கோடுன்னா... அமெரிக்காக்காரன் வானத்துல வுட்டுருக்கான் பாருங்க எக்கோன்னு ஒரு பலூன், பூமிய சுத்திக்கினு கெடக்குதே, அது போன வழி. கேமராவத் தெறந்து வெச்சா அது நகர்றது கோடா விழும். அத எடுக்கத்தான் போனேன். கோபுரம் சும்மா அடையாளத்துக்கு."

அடப்பாவி! அந்தப் பலூனைப் பாண்டுரங்கனும்தான் பார்த்திருக்கிறார். பேப்பரில் நேரம் போட்டிருந்தான் என்று தெருவே மாடியேறி நின்ற சாயங்காலம், பெண்சாதி ராஜாமணியோடு இவரும் அண்ணாந்து நின்று, நட்சத்திரம் ஒன்று நடந்து போகிறது என்று கைதட்டியிருக்கிறார். அது படத்தில் விழுந்தால் கோடாகத்தான் விழும் என்று அந்த மண்டைக்கு ஏன் எட்டவில்லை?

"உறையில எழுதியிருந்தேனே" என்றார் சவுரிராயன். "முக்கியமா கவனிக்கவும்னு."

"அதனாலதான் சார் கவனிச்சேன்" என்றார் பாண்டுரங்கன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எந்தப் பக்கம் எப்படித் திரும்பிவிட்டது என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. விருத்தாசலம் கல்லாவில் இருந்தவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மெட்ராஸில் ஒரு வானாராய்ச்சி நிலையத்தில் ஒரு உதவியாளர் வேலை. ஊர் ஊராக ஆட்கள் இந்தச் செயற்கைச் சந்திரன்களைப் படம் எடுத்து அனுப்புகிறார்களாம். அந்தப் படங்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று தரம் பிரிக்கவேண்டும். விண்ணப்பம் போடுகிறவன் தானே எடுத்த படம் ஒன்றை அனுப்பவேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விண்ணப்பம் முன்னாலேயே போய்விட்டது, படம் மட்டும் பாக்கி. சவுரிராயனுக்குப் பள்ளிக்கூடத்தில் நிரந்தரம் கிடையாது. லீவில் போன வாத்தியாருக்குப் பதில் ஆள். அந்த வாத்தியார் ஏப்ரலில் திரும்பி வருகிறார். நாலு வருஷமாக இப்படி நாலு பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. அவர் ஆத்தா சவுரியம்மாள் இன்னும் பிறத்தியார் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"பதினோரு சாயங்காலம் போனேங்க. பங்குச்சாமியாருகிட்ட மடக்குக் கேமரா ஒண்ணு இரவல் வாங்கிக்கினு. ஒருநாள் மேகம். ஒருநாள் மாடு முட்டி ஸ்டாண்டு சாஞ்சிடுச்சு. அன்னிக்கு ஒருநாள்தான் எல்லாம் கூடி வந்துச்சு. சரியா ஏழு மணி பன்னண்டு நிமிஷம்."

"நாளைக்கே போயி இன்னொண்ணு எடுத்துடலாம் சார். ஸ்டூடியோ கேமராவத் தர்றேன். நானே வர்றேன். ஜல்தியா கழுவி..."

"இனிமே ஒரு மாசத்துக்கு சாயங்காலத்துல வராதுங்க. அதோட வழி மாறிப்போச்சு."

பாண்டுரங்கன் நெகடிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கைவேலை. கடவுளே, எவ்வளவு சுத்தமாக இருந்தது! ஒரு பேச்சு அவர் வாயில் வந்துவிட்டது.

"சார், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதே எடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுடறேன். நெகடிவுல கறுப்பா போட்டா படத்துல வெள்ளையா வுழும். இது கை போட்டதுன்னு ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

சவுரிராயன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், சரி என்று சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. அப்புறம் தலையை ஆட்டினார்.

"வேணாங்க அண்ணே. படம் நெசமா பொய்யான்னு பாக்குற வேலைங்க அது. பொய்க் கோட்டக் காட்டி உள்ள போயிட்டா, அங்க உக்காந்துக்கினு எந்தக் கோட்ட நெசம்னு சொல்றது?"

பிரிண்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "நீங்க வேணும்னு பண்ணல. நான்தான் இன்னும் வெவரமா எழுதியிருக்கணும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். ஸ்டாம்பு ஒட்டின அந்தத் தபால் உறை மேசைமேலேயே கிடந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் பாண்டுரங்கன் கைவைக்கவில்லை. ராஜாமணி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"அவரே வேணான்னுட்டாரு இல்ல? வுட்டுருங்களேன். நீங்க இன்னா பேஜாரு பண்ணிக்கினு..."

"ஒனக்கு இன்னாடி தெரியும். ஒரு ஆளு பொழப்பு என் கத்தியில போயிருக்குது."

"போனது போச்சு. திரும்ப அதுல கத்திய வெக்காதீங்க."

"கத்தி இல்லடி, பென்சிலு" என்றார். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினவனுக்கு இது ஒரு சாபக்கேடு. தன்னால் சரிசெய்ய முடியாதது ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவன் புத்திக்கு ஏறாது. வியாழக்கிழமை விடிந்ததும் பாண்டுரங்கன் ஸ்டூடியோவைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். முதலில் கோடு. சுரண்டின இடம் கைக்கு ஞாபகம் இருந்தது. ஒரே இழுப்பு, மயிரிழைபோல. பார்த்தால் வானம் மொட்டையாக இருந்தது. நட்சத்திரம் வேண்டாமா? முப்பது நாற்பது புள்ளி என்பது ஞாபகம் இருந்தது, எது எங்கே என்பது இல்லை. தூசி எங்கே இருந்தது என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? கோபுரத்துக்கு மேலே நாலு, இந்தப் பக்கம் ஒரு கொத்து, அந்த மூலை வெறிச்சென்று இருக்கிறதே என்று அங்கே இரண்டு. கண்ணுக்கு எங்கே அழகோ அங்கே வைத்தார். பிரிண்ட் போட்டு, தபால் உறையில் வைத்து ஒட்டி, ஜங்ஷனுக்கு ஓடி ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபாலில் சேர்த்தார். வெள்ளிக்கிழமை மெட்ராஸில் கிடைத்துவிடும்.

திரும்பி வரும்போது ஒரு டீ குடித்தார். வேலைக்கு ஆர்டர் வந்த பிறகு வாத்தியாரிடம் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் திட்டுவார், திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டார். நல்லது செய்துவிட்டோம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அது ஒரு மனுஷன் கண்ணை எப்படியெல்லாம் கட்டிவிடுகிறது! அடுத்து வந்த நாலைந்து வாரமும் அவர் நன்றாகத் தூங்கினார்.

மாசி மாதக் கடைசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு சவுரிராயன் ஸ்டூடியோ வாசலில் நின்றார். பள்ளிக்கூட நாள். வரவேண்டிய நேரம் இல்லை. கையில் ஒரு நீளக் கடிதம்.

"அண்ணே, நீங்க அனுப்புனீங்களா?"

பாண்டுரங்கன் முகத்தில் சிரிப்பு வந்தது. "வந்துடுச்சா?" என்றார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கடிதத்தோடு அந்தப் பிரிண்டும் திரும்பி வந்திருந்தது. கூடவே கட்டம் போட்ட ஒரு தாள். இங்கிலீஷில் இருந்ததை சவுரிராயன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். படத்தின் தெளிவு, பத்துக்குப் பத்து. கோட்டின் கூர்மை, பத்துக்குப் பத்து. நேரக் குறி, பூஜ்யம். நட்சத்திரங்களின் இடம், பூஜ்யம்.

"நேரக் குறின்னா இன்னா சார்?"

"படம் எடுக்கும்போது கையால லென்ஸ மூடி மூடித் தெறப்போங்க. மூடுற நேரத்துல கோடு அறுந்து வுழும். எந்த நொடியில எங்க இருந்துச்சுன்னு அத வெச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. அஞ்சு தரம் மூடினேன். விண்ணப்பத்துல அஞ்சுக்கும் நேரம் எழுதியிருந்தேன்."

பாண்டுரங்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமாம், விட்டு விட்டுத்தான் இருந்தது. ஒரே இழுப்பில் எடுக்க முடியவில்லையே என்று அதற்கும் ஒரு திட்டு திட்டியது ஞாபகம் வந்தது. அறுந்த கோடு அவர் கண்ணுக்குக் குறை. திரும்பப் போடும்போது கை தானாகவே குறையில்லாமல் போட்டுவிட்டது.

"நட்சத்திரம்?"

"அவங்க முதல்ல கோட்டப் பாக்கமாட்டாங்க. நட்சத்திரத்தத்தான் பாப்பாங்க. அது ஒண்ணுதான் நகராதது. இந்தப் படத்துல இருக்குற நட்சத்திரம் எந்த வானத்துலயும் இல்லன்னு எழுதியிருக்காங்க. கையால செஞ்ச படம். இந்த ஆளோட விண்ணப்பத்த இனி எந்த வருஷமும் எடுத்துக்கமாட்டோம்னு போட்டிருக்காங்க. ஹெட்மாஸ்டருக்கும் ஒரு காப்பி."

"நான் வர்றேன்" என்றார் பாண்டுரங்கன். மேசையிலிருந்த நெகடிவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பஞ்சும் டர்ப்பன்டைன் சீசாவும் எடுத்துக்கொண்டார். "நான் வந்து சொல்றேன் சார். நான் செஞ்சது, நானே சொல்லிட்டா முடிஞ்சுதுல்ல?"

சவுரிராயன் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார்கள்.

ஹெட்மாஸ்டர் வெங்கடாசலம் கெட்ட மனுஷர் இல்லை. இந்த விண்ணப்பத்துக்கு நற்சான்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். அந்தக் கையெழுத்து இப்போது மெட்ராஸில் ஒரு பொய்க்கு அடியில் இருக்கிறது. அந்தக் கோபம் அவருக்கு. பாண்டுரங்கன் ஒன்றுவிடாமல் சொன்னார். உறையில் எழுதியிருந்தது, இவர் புரிந்துகொண்டது, சுரண்டினது, வாத்தியார் வேண்டாமென்றது, இவராகத் தபாலில் போட்டது. ஹெட்மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக இந்தக் கோட்ட நீங்க போட்டீங்க."

"நான்தாங்க. இதோ பாருங்க." பஞ்சில் டர்ப்பன்டைனைத் தொட்டு நெகடிவின்மேல் ஒரு இழு இழுத்தார். பென்சில் கோடு அழிந்தது, பென்சில் நட்சத்திரமும் அழிந்தது. "பாத்தீங்களா?"

"பாத்தேன். கையால போட்டதுன்னுதான் அவங்களும் எழுதியிருக்காங்க. அதுல யாருக்கும் சந்தேகமில்ல. அதுக்கு முன்னால நெசமான கோடு ஒண்ணு இருந்துச்சுன்னீங்களே, அதக் காட்டுங்க."

"அத எடுத்துட்டேங்க ஐயா."

"எடுத்த தடமாவது இருக்கும் இல்ல?"

பாண்டுரங்கன் நெகடிவை ஜன்னல் பக்கம் பிடித்தார். சாய்த்தார், திருப்பினார், பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு பார்த்தார். ஒரு கீறல் இருக்காதா, எங்கேயாவது கத்தி ஒரு நூல் அதிகமாக இறங்கியிருக்காதா? வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வேலையில் ஒரு குற்றம் கிடைக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அதைவிடச் சுத்தமாக அவர் எதையும் செய்ததில்லை. ஓரிடத்தில் லேசாக மங்கினமாதிரி இருந்தது.

"இங்க பாருங்க ஐயா, இந்த எடம்..."

ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. அப்டியே இருந்தாலும் இப்ப நீங்க பஞ்சால தேச்ச எடந்தானே அது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். "நீங்க வாத்தியாருக்கு சொந்தமா? சொந்தமில்ல. அவரு வேணான்னு சொன்னாராம், யாரும் கேக்காம நீங்களே ஒக்காந்து கோடு போட்டு, நட்சத்திரம் போட்டு, தபால்ல சேத்தீங்களாம். இத நான் எழுதி மேல அனுப்புனா என்னை என்னன்னு நெனைப்பாங்க? அவர் கெஞ்சிக் கேட்டிருப்பாரு, நீங்க வந்து பழிய ஏத்துக்கிறீங்கன்னுதான் நெனைப்பாங்க."

"சத்தியமா ஐயா! என் புள்ளைங்க மேல..."

"சத்தியமெல்லாம் வேணாங்க." ஹெட்மாஸ்டர் சவுரிராயன் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் வெச்சுக்கலாம்னுதான் பாத்தேன் சவுரி. கமிட்டியில ஒத்துக்கமாட்டேங்கறாங்க. லேப் சாவிய ஆபீஸ்ல குடுத்துடுங்க."

சவுரிராயன் சாவியை அங்கேயே மேசைமேல் வைத்தார். "மைக்ரோஸ்கோப்பு ஒண்ணு ரிப்பேருக்குப் போயிருக்கு சார், வந்ததும் வாங்கி வெச்சுக்குங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேசினது.

பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. விழுப்புரம் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. வீட்டுக்குப் போகவேண்டிய சவுரிராயன் ஏனோ போகாமல் கூடவே நின்றார். பாண்டுரங்கனுக்குக் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழுந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது? மெட்ராஸுக்கு நேராகப் போய்ச் சொல்கிறேன் என்றார். எழுதித் தருகிறேன், முதலாளியைக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன் என்றார். சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகள் எல்லாம் தனக்கே வெட்கமாக இருந்து பாண்டுரங்கன் வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் சவுரிராயன்தான் கேட்டார்.

"அண்ணே, அந்தப் படத்த நான் பாக்கவே இல்ல. கழுவுறதுக்கு முன்னாலயே ஒங்ககிட்ட வந்துடுச்சு. ஒலகத்துல அதப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். எப்டி வந்திருந்துச்சு?"

பாண்டுரங்கன் அவரைப் பார்த்தார். வேலை போன மனுஷன் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அந்த முகத்தில் குத்திக்காட்டுகிற நினைப்பு எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

"நல்லா வந்திருந்துச்சு சார்."

"கோடு கூர்மையா வுழுந்திருந்துச்சா, பிசிறடிச்சா?"

"கூர்மையா... கூர்மையாத்தான் இருந்திருக்கும்."

"மூடுன எடம் அஞ்சும் தெரிஞ்சுதா? கடைசித் தரம் மூடும்போது எனக்குக் கை நடுங்கிப்போச்சு. அது சரியா வுழுந்துச்சான்னு ஒரு சந்தேகம். அது வுழுந்திருந்தா அந்தப் படம் தேறியிருக்கும். நானே தரம் போட்டிருந்தாகூடத் தேறும்னுதான் போட்டிருப்பேன்."

அஞ்சு என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த மனுஷன் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாவது தூங்குவார். ஆனால் அதுவும் பென்சிலால் போட்ட கோடுதானே என்று அதை விழுங்கிவிட்டார். பாண்டுரங்கன் கண்ணை மூடி அந்த நெகடிவை மேசையில் மறுபடி சாய்த்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் வந்தது. கத்தி நுனி வந்தது. அதற்குக் கீழே நாலு தடவை அறுந்திருந்ததா, அஞ்சா, எத்தனை முயன்றும் வரவில்லை.

"தெரியல சார்" என்றார். "நான் அத எடுக்கத்தான் பாத்தேன். அதப் பாக்கல."

சவுரிராயன் "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். விழுப்புரம் பஸ் வந்தது, ஆள் ஏற்றிக்கொண்டது, போயிற்று. பாண்டுரங்கன் ஏறவில்லை.